ஒன்பதாம் வகுப்போடு நின்ற மாணவனை மீண்டும் சேர்க்க வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். திருப்பூர் அருகே அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். காலாண்டு விடுமுறைக்குப் பின் மாணவர் ஒருவர் திரும்பாததால் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போவதாகவும், அவனுடைய சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் வட்டி கட்டுவதாகவும் தாயார் கூறினார். படிப்பில் நாட்டமில்லாதவன் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை; அவனுடைய கணக்கு நோட்டு அரைப்பக்கம்கூடக் காலியில்லாமல் நிறைந்திருந்தது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயோ உயர்கல்விக்குச் சென்றால்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள்.

இவ்வாறு நின்றவர்களை மீண்டும் சேர்த்த அனுபவமுள்ளவர்கள், கடனில் தவிக்கும் பெற்றோரிடம் எவ்வாறு பேசினீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவின் உதவியை எப்படிப் பெற்றீர்கள் என்பதை அரையாண்டுத் தேர்வுக்கு முன்னர் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.