சாயங்கால அழுகை: தூளியில் போடலாமா, கூடாதா?

கானாடுகாத்தான் மகள்:
பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறேன். பையனுக்கு 36 நாள். பகலெல்லாம் சமர்த்து, விளக்கு வைக்கிற நேரமானால் வீறிட்டு அழுகிறான். பால் குடிக்கிறான், எடையும் ஏறுகிறது. தூளியில் போட்டால் அடங்குகிறான். ஆயா (பாட்டி) வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார், வீட்டுக்காரர் இரண்டுமே வேண்டாம் என்கிறார்.

பள்ளத்தூர் ஆச்சி:
தாராளமாகத் தூளியில் போடு ஆத்தா. மூன்று பிள்ளைகளையும் ஐந்து பேரப்பிள்ளைகளையும் பழைய நூல்புடவைத் தூளியில்தான் வளர்த்தேன். வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த பிள்ளைக்கு அந்த அணைப்புதான் சுகம். வசம்பைச் சுட்டு, உரைகல்லில் ஒரு இழைப்பு இழைத்து நாக்கில் தடவினால் வாயு இறங்கிவிடும்.

காரைக்குடி செவிலி:
வசம்பு வேண்டவே வேண்டாம் ஆச்சி. அதில் அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். தூளியில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கும். பச்சைப்பிள்ளைக்குத் தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ளத் தெரியாது.

பள்ளத்தூர் ஆச்சி:
அப்படியென்றால் நாங்கள் வளர்த்ததெல்லாம் தப்பா? அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

காரைக்குடி செவிலி:
இல்லை ஆச்சி. நீங்கள் சொன்ன அணைப்பும் ஆட்டமும் சரிதான். அதை நம் கையாலேயே கொடுக்கலாம். இந்த அழுகை பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே குறையும். சட்டையைக் கழற்றி அம்மாவின் வெறும் மார்போடு சாய்த்துக்கொள்ளுங்கள். ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவுங்கள். விளக்கைக் குறைத்துக் காதருகே 'ஷ்ஷ்' என்று நீளமாகச் சொல்லுங்கள். நம்மூர் வெக்கையில் இறுக்கிப் போர்த்த வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை வாந்தி, பால் மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

தேவகோட்டை அப்பா:
எங்கள் மகளும் இப்படித்தான் அழுதாள். முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, கன்னம் என் முழங்கை மடிப்பில் இருக்க, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நடப்பேன். ஆத்தங்குடித் தரைக்கல் காலுக்குச் சில்லென்றிருக்கும். வாயை மூடி 'ம்ம்' என்று முனகினால் அந்த அதிர்வில் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். ஒரு ராத்திரி எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவளை மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் முகப்பில் போய் உட்கார்ந்தேன். அது தப்பே இல்லை. கோபத்தில் பிள்ளையை ஒருபோதும் உலுக்கிவிடக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

பள்ளத்தூர் ஆச்சி:
சரி, வசம்பை விட்டுவிடுகிறேன். தோளில் தூங்கின பிள்ளையைக் கீழே விட்டதும் முழித்துக்கொள்ளுமே, அதற்கு என்ன வழி?

காரைக்குடி செவிலி:
முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை என்று மெதுவாக மல்லாக்க விடுங்கள் ஆச்சி. தலையணை வேண்டாம். கையை உடனே எடுக்காமல், மூச்சு சீராகும்வரை நெஞ்சின் மேல் லேசாக வைத்திருங்கள்.