சதுர அங்குலத்துக்கு 50 கிலோலைன் என்றால் எத்தனை டெஸ்லா?

கேள்வி (டர்பன்):
வணக்கம். பட்டறைக்கு ஒரு பழைய அமெரிக்க மின்காந்தம் வந்திருக்கிறது. அதன் தாளில் துருவ இடைவெளிக்கு 50 கிலோலைன்/சதுர அங்குலம் என்று போட்டிருக்கிறது. 50 சுற்று, 0.6 சதுர செ.மீ. தேடு சுருளை (காந்தப்புலத்தை அளக்கும் சின்னக் கம்பிச் சுருள்) இடைவெளியிலிருந்து இழுத்தேன், அதோடு இணைத்த ஃப்ளக்ஸ்மீட்டர் (காந்தப் பாயத்தின் மாற்றத்தைக் காட்டும் மீட்டர்) 2.4 மில்லிவெபர் காட்டியது. பரப்பால் வகுத்தால் 40 டெஸ்லா வருகிறது. எங்கே தவறு?

பதில் 1:
இரும்புத் துருவத்தில் 40 டெஸ்லா நடக்காத காரியம். இரும்பு 2 டெஸ்லாவை ஒட்டியே தெவிட்டிவிடும். மீட்டர் காட்டியது வெபர்-சுற்று, அதாவது பாயத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கியது. முதலில் 50ஆல் வகுங்கள்: 48 மைக்ரோவெபர், அதாவது 4800 மேக்ஸ்வெல். அதை 0.6ஆல் வகுத்தால் 8000 காஸ், 0.8 டெஸ்லா.

தாளில் உள்ள 'லைன்' என்பது மேக்ஸ்வெல்தான். 1 வெபர் = 10 கோடி மேக்ஸ்வெல். சதுர அங்குலம் 6.4516 சதுர செ.மீ. ஆகையால் 1 டெஸ்லா = 64.516 கிலோலைன்/சதுர அங்குலம். உங்கள் 50 கிலோலைன் 0.775 டெஸ்லா. அளவு நன்றாகவே பொருந்துகிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் சுருளை வெளியே இழுக்காமல் அதே இடத்தில் தலைகீழாகத் திருப்பினால் மாற்றம் இரட்டிப்பாகும், பாதியாக்க வேண்டும். பரப்புக்கு, கம்பி சுற்றியிருக்கும் உருளையின் விட்டத்தை எடுக்காதீர்கள். கம்பிச் சுற்றின் உள், வெளி விட்டங்களின் சராசரியை எடுங்கள். சின்னச் சுருளில் இதுவே பல சதவீதப் பிழை. இழுக்கும் முன் மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இழுத்துத்தான் எடுத்தேன். தாளில் ஓர்ஸ்டெட் கணக்கும் இருக்கிறது, காஸை டெஸ்லாவாக்குவது போல அதையும் 10,000ஆல் வகுக்கலாமா?

பதில் 1:
கூடாது. அது புலச்செறிவு (H); காஸும் டெஸ்லாவும் அளப்பது பாய அடர்த்தி (B). 1 ஓர்ஸ்டெட் = 79.58 ஆம்பியர்/மீட்டர். காற்றில் மட்டும்தான் காஸும் ஓர்ஸ்டெட்டும் ஒரே எண்ணாக வரும், எஃகுக்குள் வராது.