லீக்கி கட் (குடல் சுவர் கசிவு) என்கிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்
எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதமாக வயிற்று உப்புசம், சாப்பிட்டதும் அசதி. தெரிந்தவர் ஒருவர் "இது லீக்கி கட்தான்" என்று அடித்துச் சொல்லி, வாங்க வேண்டிய சப்ளிமென்ட் பட்டியலையும் அனுப்பிவிட்டார். காசைப் போடுவதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

குடலின் உட்பரப்பில் இருப்பது ஒரே ஒரு செல் அடுக்குதான். சில நாட்களுக்கு ஒருமுறை அது புதுப்பித்துக்கொள்கிறது. செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்தால், குடலில் இருப்பவை அதைத் தாண்டி உள்ளே கசியும் ஊடுருவல் கூடுகிறது. சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது), கிரோன் (நாள்பட்ட குடல் அழற்சி) நோய்களில் இப்படி ஆகும்; ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளாலும் ஆகலாம். (முதுகுவலிக்கு நான் அதைத்தான் மிட்டாய் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தேன்!) ஆனால் 'லீக்கி கட் சிண்ட்ரோம்' என்று தனி நோயாக மருத்துவ உலகம் ஏற்கவில்லை.

குடல் ஊடுருவலை அளக்கும் லாக்டுலோஸ்-மானிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை யாராவது செய்திருக்கிறீர்களா? அதை வைத்து சிகிச்சை ஏதும் மாறியதா? கோதுமையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் சீலியாக் ரத்தப் பரிசோதனை தவறாகக் காட்டக்கூடும் என்பதால் தயங்குகிறேன். நார்ச்சத்தைக் கூட்டினாலோ உப்புசம் இன்னும் ஏறுகிறது. மெதுவாகக் கூட்டியவர்களுக்கு எத்தனை வாரத்தில் வயிறு பழகியது?

சப்ளிமென்ட் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸ் பக்கம் வர வேண்டாம்.