பட்டத்தைப் பூட்டினால் போதுமா?

மழைக்காகம்:
கழுத்தைச் சொடுக்கெடுப்பவரும் தெரபிஸ்ட், பக்கவாதம் வந்தவரை நடக்கவைப்பவரும் தெரபிஸ்ட். நோயாளி எதை வைத்து ஆளைப் பார்ப்பார்? முறையான படிப்பும் பதிவு எண்ணும் இல்லாதவர் சிகிச்சையே செய்யக்கூடாது என்று சட்டம் வேண்டும்.

தறிநூல்:
பிரிட்டனில் பதிவு செய்யாதவர் 'பிசியோதெரபிஸ்ட்' என்று போட்டுக்கொண்டால் குற்றம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' பட்டத்துக்கும் அதே காவல் உண்டு. வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்பதற்கு இல்லை. 'கவுன்சலர்', 'சைக்கோதெரபிஸ்ட்' இரண்டுக்கும் இல்லை. பலகையில் ஒரு சொல்லை அழித்தால் தீர்ந்தது. அதே அறை, அதே ஆள்.

மழைக்காகம்:
அப்படியானால் விட்டுப்போனதையும் பட்டியலில் சேர்க்கட்டும். வேலியில் ஓட்டை என்பதற்காக வேலியே வேண்டாமா?

தறிநூல்:
எலும்பை அழுத்துவதற்கு எல்லை போடலாம், சரி. ஒருவர் துயரத்தை உட்கார்ந்து கேட்பதற்கு? அகலமாக எழுதினால் தன்னார்வலர்கூட குற்றவாளி. ஆஸ்திரேலியாவில் 2010இல் சுகாதாரத் தொழிலர்களுக்குத் தேசியப் பதிவு தொடங்கியபோது, பேச்சுக் குறைகளைச் சரிசெய்யும் பேச்சு சிகிச்சையைச் சேர்க்கவில்லை. தொழில் சங்கமே சான்று கொடுத்தது. குடியா முழுகிப்போனது?

நிழல்குடை:
நான் பேச்சு சிகிச்சை செய்பவள். சங்கம் நீக்கினால் உறுப்பினர் அட்டைதான் போகும், தொழில் போகாது. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவருக்கு எந்தப் பதத்தில் சாப்பாடு கொடுக்கலாம் என்று பார்ப்பதும் எங்கள் வேலை. தப்பினால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். சிலருக்கு இருமல்கூட வராது, பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. குறுகிய காலச் சான்றிதழோடு வந்த ஒருவர் இப்படிப்பட்டவருக்குத் தண்ணீர் புகட்டப் போனதை நானே தடுத்திருக்கிறேன்.

பட்டத்தோடு செயலையும் பூட்டுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான்: முதுகெலும்பு மூட்டை வழக்கமான எல்லை தாண்டி வேகமாகத் தள்ள, அனுமதி பெற்ற தொழிலர்களுக்கே உரிமை. பெயர் எதுவானாலும் சரி. சைக்கோதெரபி எனும் மன சிகிச்சையும் 2017 கடைசியில் இதற்குள் வந்தது. அங்கேயும் சிந்தனை, மனநிலை போன்றவற்றில் தீவிரமான கோளாறு இருந்து, அது நடத்தையையோ தீர்மானிக்கும் திறனையோ கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்றால்தான் கட்டுப்பாடு. துயரம் கேட்பவரை யாரும் பிடிக்கப்போவதில்லை.

தறிநூல்:
விழுங்குவது விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தீவிரம்' என்பதை யார் அளப்பது? முதல் நாள் வெறும் தூக்கமின்மை என்றுதான் வருவார்கள். அப்புறம், இருபது வருஷமாக நோயாளிகளோடு இருக்கிற உதவியாளரை என்ன சொல்லி அனுப்புவீர்கள்?

மழைக்காகம்:
ஏன் அனுப்ப வேண்டும்? தேர்வு எழுத அவகாசம் கொடுக்கலாம். தேறாவிட்டால் உதவியாளராகவே இருக்கட்டும். தனியாக அறை போட்டு உட்காரக்கூடாது, அவ்வளவுதான்.