மாயாவில் பைதானிலிருந்து மெல் நிரலை அழைப்பது எப்படி?

கேள்வி (காரைக்குடி):
செட்டிநாட்டு வீடொன்றின் வளவையும் அதைச் சுற்றிய தூண்களையும் மாயா என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் அமைத்து வருகிறேன். தூண்களை வரிசையாக நிறுத்தும் பழைய நிரல், மாயாவின் சொந்த நிரல்மொழியான மெல்லில் இருக்கிறது. நான் அறிந்ததோ பைதான் என்ற நிரல்மொழி மட்டுமே. அதை முழுவதும் மாற்றி எழுதாமல், பைதானிலிருந்தே அழைத்து, உருவாகும் தூண்களின் பெயர்களைத் திரும்பப் பெற வழி உண்டா?

மறுமொழி (தேவகோட்டை):
உண்டு, ஐயா. பைதானில் 'மாயா.மெல்' (maya.mel) தொகுதியிலுள்ள 'இவால்' (eval) செயற்கூறுக்கு மெல் கட்டளையை ஓர் எழுத்துச் சரமாகக் கொடுத்தால் அது அப்படியே இயங்கும். மெல் பக்கம் பெயர்களை அணியாக (மதிப்புகளின் வரிசையாக) திருப்பித் தந்தால், பைதானில் அது பட்டியலாகக் கிடைக்கும். ஆனால் முதலில் மெல்லின் 'சோர்ஸ்' (source) கட்டளையால் பழைய கோப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். அழைக்கப்படும் 'புரோக்' (proc, மெல்லின் செயற்கூறு) என்பதும் 'குளோபல்' (global, எங்கிருந்தும் அழைக்கத்தக்கது) என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் வெளியிலிருந்து அது தென்படாது. விண்டோஸில் கோப்பின் பாதையை முன்சாய்ந்த கோடுகளால் (/) எழுதுங்கள். பின்சாய்வுக் கோட்டை (\) இரு மொழிகளுமே சிறப்புக் குறியாக எடுத்துக்கொள்வதால் வீண் தொல்லை.

மறுமொழி (திருப்பத்தூர்):
எதிர்த்திசைக்கு, அதாவது மெல்லிலிருந்து பைதானை அழைக்க, மெல்லில் 'பைதான்' (python) என்ற கட்டளையே இருக்கிறது. '2 + 3' போல மதிப்புத் தரும் ஒரு கோவைக்கு மட்டுமே அது விடை தரும். மாறிக்கு மதிப்பளிக்கும் வரியோ தொகுதியை ஏற்றும் 'இம்போர்ட்' (import) வரியோ எதையும் திருப்பித் தராது. தூண்களின் எண்ணிக்கையைப் பைதானில் கணக்கிடுவதானால், கணக்கை ஓர் அழைப்பிலும் மதிப்பைக் கேட்பதை அடுத்த அழைப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், புதிய வேலைகளைப் பைதானிலேயே எழுதி, மெல்லைப் பழைய கோப்புகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.