ரேஸ் நிருபர் ஆக எதில் தொடங்குவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரி, இதழியல் முடித்தாயிற்று. டிவியில் ரேஸ் செய்தியாளராக ஆசை. கையில் போன் மட்டும்தான். முதலில் என்ன வாங்கலாம்?

பதில்: கோவை செட்டிபாளையத்தில் 'கரி' ரேஸ் ட்ராக் பக்கம்தானேம்மா, அங்கேயே பழகுங்க. கேமராவை விட மைக் முக்கியம். காலர் மைக் இன்ஜின் இரைச்சலை அள்ளிடும். கிட்ட இருக்கிற குரலையே அதிகம் பிடிக்கிற 'டைனமிக்' வகைக் கை மைக் வாங்குங்க, மேலே ஸ்பாஞ்ச் உறை, வாய்க்கு நாலு விரல் தள்ளி. மைக் வயரில் போனுக்குள் செருகுற முனையில் மூணு கருப்புக் கோடு இருக்கணும். ரெண்டு இருந்தா, போன் தன் சொந்த மைக்கில்தான் பதியும். பேட்டியில் மைக்கை ஓட்டுநர் கையில் கொடுத்துடாதீங்க.

பதில்: ஒவ்வொரு வண்டியோட நேரமும் காட்டுற டைமிங் ஷீட்டும் படிக்கணும். 'கேப்' முதலிடத்தோட வித்தியாசம், 'இன்டர்வல்' முன்னால் போறவரோட வித்தியாசம். மாத்திச் சொன்னா கணக்கே தப்பு. மீடியா பாஸ் இருந்தாலும் பிட் லேனுக்கு (வண்டிகள் டயர் மாத்த வந்து போற பாதை) தனி அனுமதி கேளுங்க.

பதில்: கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்க வண்டிகள் வரிசையா நிக்கிற இடத்தில், ஓட்டுநரை "எப்படி இருக்கு?"ன்னா "நல்லாருக்கு"ன்னுதான் வரும். "ஏன் இந்த டயர்?"னு கேளுங்க தங்கச்சி.