ஜேசன் மோரனின் ஃபேட்ஸ் வாலர் நிகழ்ச்சியை அஞ்சலி என்று ஏற்கலாமா?

கேள்வி:
ஜாஸ் பாடகரும் பியானோ மேதையுமான ஃபேட்ஸ் வாலரின் நினைவாக, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஹார்லெம் ஸ்டேஜ் அரங்கத்துக்காக 2011இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஜேசன் மோரன் உருவாக்கிய நடன நிகழ்ச்சியிலிருந்து பிறந்த ‘ஆல் ரைஸ்’ தொகுப்பை (ப்ளூ நோட் நிறுவன வெளியீடு, 2014) அண்மையில் கேட்டேன். மெட்டுகள் பெரும்பாலும் வாலர் இயற்றியவையோ வாசித்தவையோதாம், தாளமோ பல இடங்களில் ஃபங்க் எனும் பிற்கால ஆட்ட இசையை ஒட்டியிருக்கிறது. வாலரின் அடையாளமான ஸ்ட்ரைட் எனும் பியானோ வாசிப்பு முறையையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்ட பிறகு, இதில் அவருக்கான அஞ்சலி எங்கே இருக்கிறது?

மறுமொழி 1:
இடக்கை கீழ்ச்சுரத்துக்கும் நடுப்பகுதிக் கொத்துச்சுரத்துக்கும் மாறி மாறித் தாவ, வலக்கை மெட்டை அலங்கரிக்கும் அந்த ஸ்ட்ரைட் வாசிப்பு மோரனுக்குக் கைவராதது அன்று. பழைய பாணிகளில் ஊறிய பியானோ கலைஞர் ஜாக்கி பையார்டிடம் பயின்றவர் அவர். அதே தொகுப்பில் உள்ள ‘ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்’ ஒன்றே போதும் சான்றுக்கு. ஆகவே மற்ற இடங்களில் அவர் அதைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறார். வாலர் வளர்ந்த காலத்தில், வீட்டு வாடகைக்குப் பணம் திரட்ட ஹார்லெம் குடியிருப்புகளில் விருந்து நடத்துவார்கள். ஸ்ட்ரைட் கலைஞர்கள் அங்கே வாசித்தது ஆடுவதற்கான இசை. அதை இன்று நாற்காலியில் அசையாமல் அமர்ந்து கேட்கும் கச்சேரியாக்கினால், சுரங்கள் மிஞ்சும், ஆட்டம் போய்விடும். மோரன் ஆட்டத்தைக் காப்பாற்ற முனைந்தார்; அதற்கு இன்றைய கால்களுக்குப் பழகிய தாளம் தேவைப்பட்டது.

மறுமொழி 2:
ஆட்டத்தைப் பற்றி மேலே கூறியதை ஏற்கிறேன். குரலைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. உப்புச்சப்பற்ற காதல் பாட்டு கையில் வந்தால், வாலர் வரிகளைப் பாடிக்கொண்டே அவற்றைக் கேலியும் செய்வார். அந்தக் கேலிக்கு அவருடைய விரல்களும் உடந்தை. மோரன் பியானோவைத் தாம் வைத்துக்கொண்டு, பாடும் பொறுப்பை மிஷெல் என்டேகியோசெல்லோ போன்றவர்களிடம் தந்தபோது, ஒருவருக்குள்ளேயே நடந்த அந்த உரையாடல் இருவருக்கிடையே பங்கிடப்பட்டுவிட்டது. குரல்கள் அழகாகவே இருக்கின்றன, ஆனால் குறும்பு குறைவு. மேடையில் மோரன் அணியும் வாலரின் பெரிய காகிதக்கூழ் முகமூடி (ஹைத்தியக் கலைஞர் திதியே சிவில் செய்தது) அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது என்பது என் எண்ணம். 1943இல் 39 வயதிலேயே மறைந்த ஒருவரின் சிரித்த முகம் பியானோவின் முன் அமர்ந்திருப்பதில் வேடிக்கையும் உண்டு, துயரமும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
இரு விளக்கங்களுக்கும் நன்றி. ஒப்பிட்டுக் கேட்க எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
‘ஜிட்டர்பக் வால்ட்ஸ்’ பொருத்தமாக இருக்கும். 1942இல் வாலர் அதைப் பதிவுசெய்தபோது பியானோவை விட்டு, அன்று புதிதாக இருந்த ஹாமண்ட் மின்னிசை ஆர்கனில் வாசித்தார். அதைக் கேட்டபின் மோரனின் வடிவத்துக்கு வாருங்கள்.